நம்ம ஆளுக்கு எதுக்கு கிளவ்ஸ்

மச்சான்,

இன்று காலை ஜெலுத்தோங் சந்தையில் தேங்காய் துருவிக் கொடுக்கும் அக்கா, பெட்டியிலிருந்து ஒரு புதுக் கையுறையை உருவி, உதறி, விரல்களைப் பிரித்து மாட்டினார். மணிக்கட்டில் ரப்பர் 'டப்' என்று அடித்தது. கூடவே அந்த வாடை. தேங்காய்ப்பால் மணத்தையும் பக்கத்துக் கடை மீன் கவிச்சியையும் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. நான் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணே, துருவணுமா, முழுசா வேணுமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க லா."

துருவச் சொன்னேன். ஜமீலா கேட்டிருந்தது முழுத் தேங்காய். உன் மனைவிக்குக் கடையில் துருவியது ஆகாது என்று உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய். வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தேங்காயைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை எல்லாரும் டிரெஸர் என்றுதான் கூப்பிட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, அடுக்குமாடிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் வந்து சேர்ந்தாய். டாக்டரம்மா பார்த்து மருந்து எழுதுவார். ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் உன் பாடு. எங்கே தேடினாலும் நரம்பு கிடைக்காத கையிலும் உன் ஊசி ஒரே தடவையில் இறங்கும். அந்தப் பெருமை உனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

உன்னிடம் ஒரு வழக்கமும் இருந்தது. ஃபேக்டரியில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பையன்கள் வந்தால் கையுறை மாட்டுவாய். முகம் தெரியாதவர் வந்தால் மாட்டுவாய். கையில் பச்சை குத்தியவன் வந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாட்டுவாய். பள்ளிவாசல் ஆட்கள், சந்தைக் கடைக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள் வந்தால் மட்டும் மாட்டியதையும் கழற்றிப் போட்டுவிடுவாய். வீட்டுக்கு வந்தவருக்குச் செருப்புக் காலோடு சோறு பரிமாறுவது போல, நம் ஆளைக் கையுறையோடு தொடுவது உனக்கு ஒரு மரியாதைக் குறைவு.

"நம்ம ஆளுக்கு எதுக்கு கிளவ்ஸ்?" என்பாய்.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் ஆட்களும் அப்படித்தான். கையுறையைப் பார்த்தாலே, "என்ன டிரெஸர், எனக்கென்ன சொறியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டாக்டரம்மா எத்தனையோ முறை சொன்னார். "சரி டாக்டர்" என்பாய். அவர் உள்ளே போனதும் கழற்றுவாய். உலகத்துக்கே கையுறை செய்து கப்பலேற்றும் நாட்டில் இருந்துகொண்டு, அதை ஆள் பார்த்துத்தான் மாட்டினோம் நாம்.

எனக்குள் இருந்தது உனக்குத் தெரியாது. எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அப்போதே பல வருடங்கள் ஆகியிருந்தன. பாலம் தாண்டி மாக் மண்டின் ஃபேக்டரியில் மோட்டார் பழுது பார்க்கும் வேலை என்பதால் அக்கரையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டேன். இந்தத் தீவில் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தாலும், "என்னண்ணே இங்க?" என்று கேட்க யாராவது ஒருவர் வந்துவிடுவார். தினமும் மாத்திரை. ஒவ்வொரு பரிசோதனையிலும், ரத்தத்தில் கிருமி தென்படவில்லை, இப்படியே விடாமல் சாப்பிடுங்கள் என்றார்கள். நான் ஒன்றும் சாகக் கிடக்கவில்லை. பழைய மோட்டார்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன், உன்னோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், வெள்ளிக்கிழமை தவறாமல் உன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலோ தம்ளரிலோ தோளில் கை போடுவதிலோ அது ஒட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரத்தம் ஒன்றுதான் பயம். அதனால் உன் ஊசிக்கு மட்டும் ஒளிந்து திரிந்தேன்.

"வாடா, சர்க்கரை பார்க்கலாம்" என்று கூப்பிடுவாய். ஃபேக்டரியில் பார்த்துவிட்டார்கள் என்பேன். "ஊசின்னா பயம், ஒத்துக்க லா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாய். பயந்தாங்கொள்ளி என்ற பேர் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று பிறகு நீ கேட்டாய். அன்று வாய் திறக்கவில்லை, இப்போது சொல்கிறேன். ஒருமுறை உன் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது, செத்துப்போன ஒருவரைப் பற்றி நம் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவனுக்கு அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்தினார்கள். அவர் குடித்த கோப்பையைக் கடைக்காரர் தூக்கிப் போட்டாராம். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நீ எதுவும் சொல்லாமல் பஞ்சு மடித்துக்கொண்டிருந்தாய். உனக்கு உண்மை தெரியும், படித்தவன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக் காலை நான் காய்ச்சலோடு கிடந்தேன். எங்கள் புளோக்கில் ஏற்கெனவே சிலருக்கு டெங்கி. போனில் என் குரலைக் கேட்டவுடன் வந்து நின்றாய்.

"கெரேத்தால ஏறு, வண்டி கீழதான் நிக்குது. ரத்தம் பார்த்தே ஆகணும். இன்னைக்கு உன் பயம், கூச்சம் ஒண்ணும் செல்லாது."

கிளினிக்கில் கூட்டம். ரத்தம் எடுக்கும் சிறிய அறையில் என்னை உட்கார வைத்து, கையைக் கட்டி, நரம்பைத் தட்டினாய். உன் கை வெறும் கை.

"கிளவ்ஸ் போட்டுக்கடா" என்றேன்.

"ஏன், என் கை நாறுதா?"

"காய்ச்சல் ஒட்டிக்கும்."

"டெங்கி கொசு கடிச்சு வர்றது லா. நீ மோட்டாரைப் பாரு, நான் ரத்தத்தைப் பார்க்கறேன்."

இன்னொரு தரமும் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாய். உடம்பெல்லாம் கொதித்தது எனக்கு. எழுந்து ஓடலாமா என்று நினைத்தேன், காலில் தெம்பு இல்லை. இத்தனை வருடத்தில் இவன் கையில் ஒரு முறைகூட ஊசி பட்டதில்லை, இன்றைக்கும் படாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். ஊசி இறங்கியதே தெரியவில்லை. குழாயில் ரத்தம் ஏறியது. பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாய்.

பயன்படுத்திய ஊசியைப் போடும் மஞ்சள் பெட்டி எதிர் மேசையில் இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கையில் நீட்டிய ஊசியோடு அவர்களைக் கடந்து போக நீ விரும்பவில்லை. எனக்கும் ஊசியைக் காட்ட விரும்பவில்லை. பயந்தாங்கொள்ளி ஆயிற்றே நான்!

"அந்தப் பக்கம் பாரு" என்று சொல்லிவிட்டு, இடது கையில் மூடியை எடுத்தாய். குத்தின ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது என்பது உன் தொழிலில் முதல் பாடம். உனக்கா தெரியாது? என் மேல் வைத்த பிரியத்தில் போட்டாய்.

"ஸ்ஸ்" என்றாய்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன் ஆள்காட்டி விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுகளவு ரத்தம் மொட்டாக நின்றது. நீ அதைப் பார்த்து உச்சுக்கொட்டி, சமையல்கட்டில் கத்தி பட்டவன் மாதிரி விரலை வாய்க்குக் கொண்டுபோனாய்.

"வைக்காதே!"

நான் கத்திய கத்தலில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. உன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னை முழித்துப் பார்த்தாய்.

"என்னடா, உன் ரத்தம் எனக்கு ஆகாதா?"

"கழுவு. முதல்ல கழுவு."

குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்து, சோப்பு போட்டாய். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாய். "வேற ஆளா இருந்தா ரிப்போர்ட் பண்ணணும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஆயிரத்தெட்டு டெஸ்ட்டு. நல்ல வேளை, நீதானே."

மச்சான், என் வாழ்நாளில் என்னை அவ்வளவு பயமுறுத்திய சொல் வேறு இல்லை. நல்ல வேளை, நீதானே. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ கையைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாய். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைச் சோறு எனக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: யாருக்காவது உன் ரத்தம் பட்டால் தடுப்பு மருந்து உண்டு, மணிக்கணக்கில் தொடங்க வேண்டும், நாள் தள்ளத் தள்ளப் பிரயோசனம் குறையும் என்று. எழுந்தேன். அந்த அம்மாவைக் குழந்தையோடு வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு மச்சான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ திரும்பவில்லை. சோப்பை மறுபடி எடுத்தாய். மறுபடி கழுவினாய். அமுக்கவில்லை, தேய்க்கவில்லை, சொல்லிக் கொடுத்த மாதிரி ஓடுகிற தண்ணீரில் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

"எத்தனை வருஷம்?"

"பத்துக்கு மேல."

"மருந்து?"

"தினம் சாப்பிடறேன். கிருமி தென்படலன்னு சொல்றாங்க."

"மருந்து பேரு சொல்லு."

சொன்னேன். அதுவரை பேசியது டிரெஸர். குழாயை மூடிவிட்டு நீ திரும்பியபோது முகத்தில் இருந்தது என் நண்பன்.

"எனக்குச் சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையாடா?"

நான் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா ஒரு கேள்வியும் அநாவசியமாகக் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் இப்பவே கிளம்புங்க. அவர் ஒழுங்கா மருந்து சாப்பிடறதால ஆபத்து ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா கம்மின்னு சொல்லிக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியாது. முதல் டோஸ் இன்னைக்கே உள்ள போகணும்" என்றார். கதவைத் திறந்தபோது வெளியே இருந்த அத்தனை கண்ணும் எங்கள் மேல். "டெங்கி மோசமா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அந்தக் கண்களுக்கெல்லாம் சேர்த்து நீயே சொன்னாய். அப்போதும் என்னைக் காப்பாற்றியது நீதான்.

வண்டி சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டீயரிங்கின் மேல் அந்த விரலைத் தனியாக நீட்டி வைத்திருந்தாய். எனக்குக் காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. ஏசியை நீயாகவே குறைத்தாய்.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் மலாயில் விவரம் கேட்டுக்கொண்டே வந்தார். எந்தக் கை, எப்படிப்பட்ட ஊசி, எவ்வளவு ஆழம். கடைசியில், யாருடைய ரத்தம் என்றார். நீ தரையைப் பார்த்தாய். தெரியாது என்று சொல்லிவிடப் போகிறாய் என்று உன் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது. சொல்லியிருந்தால் அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நான் கையை உயர்த்தி, நான்தான் என்றேன். என் மாத்திரைகள், என் பரிசோதனை விவரம் எல்லாம் சொன்னேன். அவர் அதைப் பார்த்து உனக்கு மருந்து தேர்ந்தெடுத்தார். உன் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பெண் கையுறை போட்டிருந்தாள், ஊசியை எடுத்த நொடியில் பக்கத்திலிருந்த மஞ்சள் பெட்டிக்குள் போட்டாள். நாம் இருவரும் அதையே பார்த்தோம்.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "உன் மாத்திரைய நான் முழுங்கறேன், பாத்துக்க" என்றாய். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

நான்கு வாரம் மருந்து. அதற்குப் பிறகும் பரிசோதனைகள் முடியும்வரை நிம்மதியில்லை. உனக்கு வாய் கசந்தது, சோற்றைக் கண்டால் குமட்டியது, நடு வேலையில் உட்கார்ந்துவிடுவாய். எல்லாம் தெளிவாகும்வரை மனைவியிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஜமீலாவிடம் சொல்லாமல் தீராது. ஒரு நோயாளியின் ஊசி குத்திவிட்டது என்று சொன்னாய். எந்த நோயாளி என்று சொல்லவில்லை. அவள் எத்தனை விதமாகக் கேட்டிருப்பாள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது.

எனக்கு டெங்கி வந்து போயிற்று. நீ போன் எடுக்கவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை நான் உன் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் ஜமீலாவே கூப்பிட்டாள். "அண்ணே, என்ன வரவே மாட்டேங்கறீங்க? அவங்க ஒழுங்கா சாப்பிடறது இல்ல. நீங்க வந்து உட்கார்ந்தாலாவது ரெண்டு வாய் சாப்பிடுவாங்க." எப்படி மாட்டேன் என்பது?

எனக்கு எதிரே நீ உட்கார்ந்திருந்தாய். உன் மகன் இர்ஃபானும் வேலை முடிந்து வந்திருந்தான். ஜமீலா எனக்குச் சோறு வைத்து, மீன் ஆணம் ஊற்றி, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"எந்தப் பாவியோ தெரியலண்ணே. எங்கயோ போயி எதையோ வாங்கிட்டு வந்து எங்க வீட்ல தீய வச்சிட்டான். அவன் நல்லா இருப்பானா?"

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். நான்தான் தங்கச்சி என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இர்ஃபான், "மாமா, தண்ணி வேணுமா?" என்றான்.

அப்போதுதான் நீ பேசினாய். வாரக்கணக்கில் என் முகத்தைப் பார்க்காதவன், என்னைப் பார்க்காமலே பேசினாய்.

"அப்படிச் சொல்லாத ஜமீலா. கிளவ்ஸ் போடாதது நான். மூடி போட்டது நான். அந்த ஆளு வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மருந்தே எடுத்திருக்க மாட்டேன். தன் மானம் போனாலும் போகுதுன்னு எனக்காகச் சொன்னான். அவனைத் திட்டாத."

பிறகு என் தட்டில் ஒரு மீன் துண்டை எடுத்து வைத்தாய், உன் கையால். சாப்பிடு என்றாய். சாப்பிட்டேன். அழுகையோடு சோறு இறங்காது என்பதெல்லாம் பொய், மச்சான். இறங்கும்.

அன்று படிக்கட்டுவரை கூட வந்தாய். "கோபம் இருக்குடா. இல்லன்னு சொல்ல மாட்டேன். இவ்வளவு வருஷம் என்னை நம்பலையேன்னு. அந்த ஆளுங்க பேசினப்ப நான் பஞ்சு மடிச்சேன்ல, அதையும் யோசிச்சேன்" என்றாய். அந்த நாள் உனக்கும் நினைவிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு எப்படி வந்தது என்று நீ அன்றும் கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

கடைசிப் பரிசோதனை முடிவு வந்த அன்று மாக் மண்டினில் ஒரு பெரிய மோட்டாருக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடி லாரிகளுக்கு நடுவில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லடா. கிளீன்."

கிரீஸ் கையோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அன்று மாலை ஜமீலா நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். எனக்கு வைத்துக்கொண்டே, "அந்த ஆளுக்கும் சேர்த்து துவா கேட்டேண்ணே. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள். நீ தலையைக் குனிந்து நெய்ச்சோற்றில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாய்.

அடுத்த நாளிலிருந்து நீ ஆளே மாறிப்போனாய். மஞ்சள் பெட்டி உன் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. கையுறை எல்லாருக்கும். பள்ளிவாசல் தலைவருக்கும், சந்தை அக்காவுக்கும், நேப்பாளப் பையனுக்கும் ஒரே கையுறை. "எனக்கென்ன வியாதியா டிரெஸர்?" என்று யார் முறைத்தாலும், "கிளவ்ஸ் ஆளுக்கு இல்ல லா, ரத்தத்துக்கு. எல்லா ரத்தமும் ஒண்ணுதான்" என்பாய். நாற்காலியில் யாராவது குரலைத் தாழ்த்தி அந்த வியாதி இந்த வியாதி என்றால் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அது எப்படி வரும், எப்படி வராது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாய். சிலர் வேறு கிளினிக்குக்குப் போனார்கள். உன் கூடப்பிறந்த அண்ணனே போனார். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர், நீ கையுறை மாட்டுவதைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டார். "கூடப்பிறந்தவனுக்கே கிளவ்ஸாடா? அவ்வளவு அசிங்கமாப் போயிட்டேனா?" என்று எழுந்து போய்விட்டார். பெருநாளில்கூட உன்னிடம் முகம் கொடுக்கவில்லை. உனக்கு அது கடைசிவரை ஒரு முள்தான். ஆனாலும் கையுறையைக் கழற்றவில்லை.

எனக்கும் நீதான் ரத்தம் எடுத்தாய். அதற்குப் பிறகு முதல்முறை கையை நீட்டியபோது நீ கையுறை மாட்டியதைப் பார்த்து எனக்கு மூச்சு நிதானமானது. வெளியே இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் போடுவதைத்தானே எனக்கும் போட்டாய்.

போன வருடம் நெஞ்சுவலி என்று உன்னைக் கொண்டுபோனார்கள். நான் பாலத்தில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. குளிப்பாட்டியதை மட்டும் எழுதுகிறேன், நீ கேட்டால் சந்தோஷப்படுவாய்.

உன்னைக் குளிப்பாட்ட உன் அண்ணன், இர்ஃபான், பள்ளிவாசலிலிருந்து வந்த ஒருவர், நான். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிய இடத்தில், முழங்கைக்குக் கீழே, பஞ்சை எடுத்ததும் இன்னும் ரத்தம் கசிந்தது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தால் அப்படி என்று இர்ஃபான் சொன்னான். கையுறைப் பெட்டியை எடுத்து எல்லாருக்கும் நீட்டினான்.

உன் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "என் தம்பிக்கு என்ன வியாதி? ஏன்டா இது? சொந்த மையித்தை வெறுங்கையால தொடக் கூடாதா?"

இந்தப் பேச்சு எந்தப் பக்கம் போய் முடியுமோ என்ற பழைய பயம் எனக்கு. இர்ஃபான் பெட்டியை நீட்டியபடியே நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உன்னுடையது.

"வியாதின்னு இல்ல பெரியத்தா. அத்தா எல்லாருக்கும் போட்டாங்க. எனக்கு முட்டி தேஞ்சப்பகூட போட்டுக்கிட்டுத்தான் கழுவினாங்க. உங்களுக்கும் போடத்தான் வந்தாங்க. ஆளுக்கு இல்ல, ரத்தத்துக்குன்னு சொல்வாங்க. இப்ப அத்தாவுக்கு மட்டும் போடலன்னா எப்படி?"

உன் அண்ணன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். பழக்கமில்லாததால் அவருக்கு மாட்ட வரவில்லை. இர்ஃபான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து மாட்டிவிட்டான். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேனே தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் உன் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

நானும் மாட்டிக்கொண்டேன். கசிந்த இடத்தைத் துடைத்துப் பஞ்சு வைத்து அழுத்தினேன். நீ என் கையில் ரத்தம் எடுத்ததும் அதே பக்கம்தான். கையுறையோடு உன்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை மச்சான்.

இந்த நிம்மதியெல்லாம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது. இப்போது கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் இருக்கிறாள். யார் வந்தாலும் பேர் கேட்பதற்கு முன்பே கையுறை மாட்டிவிடுகிறாள். நான் சும்மா கையை நீட்டுகிறேன். கத்தத் தேவையில்லை, பொய் சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நீ ஜமீலாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. நீ போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் இர்ஃபானை விட்டு என்னைக் கூப்பிடுகிறாள். அதே தட்டு, அதே மீன் ஆணம். நீ மறைத்தது என்னைக் காப்பாற்ற. நான் மறைப்பது யாரைக் காப்பாற்ற என்று யோசித்துப் பார்த்தேன், பதில் சரியாக வரவில்லை. தெரிந்த பிறகு அந்தத் தட்டை அவள் என்ன செய்வாள் என்பதும் எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நீ குழாயடியில் நின்றபோது எனக்கு இருந்த அதே பயம்.

நேரமாகிவிட்டது. துருவிய தேங்காயைப் பார்த்து முதலில் அதற்குத் திட்டுவாள். திட்டி முடிக்கட்டும். சோறு வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அவள் துவா கேட்டது எனக்காகத்தான் என்று.